சேவலுக்குத் தட்டத் தெரியாது

2024 மே மாதம் அப்பா எடிசனுக்கு வந்தார். ஆறு மாத விசா, இரண்டு பெட்டி. அதில் ஒன்றில் பாதிக்கு மேல் முருங்கைக்கீரைப் பொடியும் கருப்பட்டியும். நியூஜெர்சியில் அவருக்கு எப்படிப் பொழுது போகும் என்றுதான் நானும் மனைவியும் கவலைப்பட்டோம். காலையில் நடப்பார், மதியம் தூங்குவார், சாயங்காலம் தமிழ்ச் செய்தி பார்த்துத் திட்டுவார். மூன்றாவது சனிக்கிழமை இரவு நான் யுஎஃப்சி, அதாவது குத்தும் உதையும் மல்யுத்தமும் கலந்த கூண்டுச்சண்டைப் போட்டி, பார்த்துக்கொண்டிருந்தபோது சோபாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எண்கோணக் கூண்டுக்குள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஐந்து நிமிடம் அவர் வாயே திறக்கவில்லை. சுற்று முடிந்து மணி அடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, இது சேவக்கட்டல்லோ?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 1996-ல் ஜான் மெக்கெய்ன் என்ற அமெரிக்க செனட்டரும் இதைப் பார்த்து அதே வார்த்தையைத்தான் சொன்னார்: மனிதச் சேவல்சண்டை. சொன்னதோடு நிற்காமல் ஐம்பது மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதி, இதைத் தடை செய்யுங்கள் என்று கேட்டார். முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தடையும் செய்தன. ஒரே வித்தியாசம், மெக்கெய்ன் அதை வசவாகச் சொன்னார். அப்பா சொன்னபோது அவர் கண் மின்னியது.

மின்னியதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் அரவக்குறிச்சிக்குப் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது கரூர் தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை, திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தோம். பொங்கலுக்குப் பூலாம்வலசில் சேவற்கட்டு நடக்கும். எங்கெங்கிருந்தோ சேவலை அணைத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். காலில் கத்தி கட்டி விடுவார்கள். சில சமயம் இரண்டு எழும்பலில் முடிந்துவிடும். அப்பா எண்பதுகளின் கடைசி வரை சேவல் வளர்த்தவர். கிணற்றில் நீச்சல் விடுவார், கம்பு ஊறவைத்துக் கொடுப்பார், எங்களைவிட அதற்குத்தான் கவனிப்பு என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். ஜெயித்தவன் அதை எடுத்துப் போய்க் குழம்பு வைப்பான். நீதிமன்றத் தடை, கத்தி கூடாது என்ற நிபந்தனை, மறுபடி அனுமதி என்று அது பல வருடமாக இழுபறி. அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

மெக்கெய்னைக் குறை சொல்லவும் முடியாது. முதல் யுஎஃப்சி 1993 நவம்பர் 12-ம் தேதி டென்வரில் நடந்தது. முதல் சண்டையே ஹவாயைச் சேர்ந்த சுமோ வீரர் டெய்லா டூலிக்கும் டச்சுக்காரர் ஜெரார்ட் கோர்டோவுக்கும். கீழே விழுந்த டூலியின் முகத்தில் கோர்டோ விட்ட உதையில் பல் தெறித்தது. மொத்தம் 26 விநாடி. எடைப்பிரிவு கிடையாது, சுற்றுக்கு மதிப்பெண் கிடையாது. கடிக்கக்கூடாது, கண்ணைத் தோண்டக்கூடாது, அவ்வளவுதான். ஆர்ட் ஜிம்மர்சன் என்ற குத்துச்சண்டைக்காரர் ஒரு கையில் மட்டும் கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் ஜெயித்தவர் ஹோய்ஸ் கிரேசி. பிரேசில்காரர், அங்கே இருந்தவர்களோடு பார்த்தால் ஒல்லி. அவர் யாரையும் அடித்து வீழ்த்தவில்லை. கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி, கழுத்தைப் பிடித்து, தோற்றேன், விடு என்று எதிராளி தட்டும் வரை விடாமல் இருந்தார்.

ஊர் உலகம் தெறித்த பல்லைத்தான் பார்த்தது. எனக்கு என்னவோ அந்தத் தட்டல்தான் முக்கியமாகப் படுகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் இதை முதலில் பார்த்தது 2005 ஏப்ரலில். எடிசனில் நான்கு பேர் தங்கியிருந்த இரண்டு அறை அபார்ட்மென்ட், தரையில் மெத்தை, ஒரே ஒரு டிவி. அந்த வாரம் முழுக்க எங்கள் பேச்சு விசாகப்பட்டினத்தில் தோனி அடித்த 148 பற்றித்தான். சனிக்கிழமை இரவு ரிமோட்டை வைத்துக்கொண்டு எதையோ தேடிய திருநெல்வேலிக்காரன் ஸ்பைக் டிவியில் நின்றுவிட்டான். ஃபாரஸ்ட் கிரிஃபின், ஸ்டீஃபன் பானர். இருவரும் தற்காப்பு என்ற சொல்லையே மறந்துவிட்டு மூன்று சுற்று, பதினைந்து நிமிடம், மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். முடிந்ததும் கட்டிக்கொண்டார்கள். ஜெயித்தவருக்கு யுஎஃப்சி ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தவர்கள், தோற்ற பானருக்கும் ஒன்று கொடுத்தார்கள். சாம்பார் ஆறிப்போனதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. யுஎஃப்சியைத் தூக்கி நிறுத்திய சண்டை அது என்று பின்னால் எல்லோரும் எழுதினார்கள். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது, திங்கட்கிழமை அலுவலகத்திலும் நாலு பேர் அதைப் பற்றிப் பேசினார்கள் என்பது மட்டும்.

காசு கட்டாமல் கேபிளில் வந்ததுதான் பெரிய விஷயம். அதுவரை தனியாகப் பணம் கட்டிப் பார்க்க வேண்டிய, வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாத சமாச்சாரம் அது.

ஆனால் அதற்கு முன்பே ஒரு காரியம் நடந்து முடிந்திருந்தது. அது நடந்த இடம் எங்கள் நியூஜெர்சி. நியூயார்க்கின் கொல்லைப்புறம் என்று கேலி பேசுகிறவர்கள் கவனிக்க. இங்கே லாரி ஹசார்ட் தலைமையில் இருந்த மாநில விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியம் இதைத் தடை செய்யாமல், உட்கார்ந்து விதி எழுதியது. 2000 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் அந்த விதிகளின் கீழ் முதல் போட்டி. நவம்பரில் யுஎஃப்சியும் அங்கே வந்தது. எடைப்பிரிவு, ஐந்து நிமிடச் சுற்று, கிளவுஸ், தலையால் முட்டக்கூடாது, விழுந்தவன் தலையில் உதைக்கக்கூடாது, பின்மண்டையில் அடிக்கக்கூடாது, ஒற்றை விரலைப் பிடித்து முறிக்கக்கூடாது. டாக்டர் நிறுத்தலாம், நடுவர் நிறுத்தலாம். இன்றைக்கு உலகம் முழுக்க ஏறத்தாழ இந்த விதிகள்தான்.

எல்லா விதியும் ஞானத்தால் பிறந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். முழங்கையை மேலிருந்து நேர்கீழாக இறக்கக்கூடாது என்று ஒன்று வைத்தார்கள். கராத்தேக்காரர்கள் டிவியில் அப்படித்தான் பனிக்கட்டிப் பாளம் உடைப்பார்கள், அதைப் பார்த்த அதிகாரிகள் பயந்துவிட்டார்கள் என்று பழைய நடுவர் ஜான் மெக்கார்த்தி பல முறை சொல்லியிருக்கிறார். அந்த விதியைத் தூக்க 2024 நவம்பர் வரை ஆனது.

சரி, ஆற்றுக்கு இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் நியூயார்க்கில் நடந்தது வேறு கதை. 1996-ல் அனுமதித்தார்கள், 1997-ல் பின்வாங்கினார்கள். அந்த பிப்ரவரியில் நயாகரா ஃபால்ஸில் யுஎஃப்சியின் 12-வது போட்டிக்கு எல்லாம் தயார். கடைசி நேரத்தில் முடியாது என்று ஆகிவிட, வீரர்கள், கூண்டு, கேமரா எல்லாவற்றையும் தனி விமானத்தில் ஏற்றிக்கொண்டு அலபாமாவின் டோத்தன் என்ற சின்ன ஊருக்குப் போய் நடத்தினார்கள். அதற்கப்புறம் பத்தொன்பது வருடம் தடை.

தடை என்றால் தொழில்முறைப் போட்டிக்கு மட்டும். அமெச்சூர் சண்டைகள் நியூயார்க்கில் நடந்துகொண்டுதான் இருந்தன. யாருடைய மேற்பார்வையும் இல்லாமல், ரத்தப் பரிசோதனைகூடக் கட்டாயம் இல்லாமல். பாதுகாப்பு கருதித் தடை, ஆனால் பாதுகாப்பு இல்லாத வடிவத்துக்குத் தடையில்லை. இதைப் படித்தபோது நம் ஊர் மதுவிலக்குப் பேச்சுகள்தான் ஞாபகம் வந்தன.

மாநில செனட் வருடா வருடம் மசோதாவை நிறைவேற்றி அனுப்பும். சட்டசபையில் அது ஓட்டுக்கே வராது. சபாநாயகர் ஷெல்டன் சில்வர் எடுக்கவிடமாட்டார். ரத்தம், வன்முறை என்று மேடையில் பேசினார்கள். பின்னால் இருந்தது லாஸ் வேகாஸ் ஓட்டல் தொழிலாளர் சங்கம். அப்போது யுஎஃப்சியை வைத்திருந்த ஃபெர்டிட்டா சகோதரர்களுக்கு அங்கே சூதாட்ட விடுதிகள் உண்டு. அவற்றில் தொழிற்சங்கத்தை விடவில்லை. அதனால் சங்கம் நியூயார்க்கில் வந்து எதிர்த்தது. எனக்குச் சங்கத்தின் மேல் கோபம் இல்லை, தொழிலாளிக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது? ஆனால் ஒரு விளையாட்டு நாகரிகமானதா இல்லையா என்பதை நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விடுதிப் பரிசாரகர்களின் சம்பளத் தகராறும் சேர்ந்து முடிவு செய்கிறது என்பது ருசியான விஷயம். 2015 ஜனவரியில் சில்வர் ஊழல் வழக்கில் கைதானார், பதவி போனது. 2016 மார்ச்சில் மசோதா ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 113, எதிர்ப்பு 25.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியவில்லை. மாகோமெட் அப்துசலாமோவ். ரஷ்யாவிலிருந்து வந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர், அதுவரை தோற்றதே இல்லை. 2013 நவம்பர் 2, மேடிசன் ஸ்கொயர் கார்டன் வளாகத்தில் இருக்கும் சிறிய அரங்கம். பத்துச் சுற்று அடி வாங்கித் தோற்றார். மூக்கு உடைந்திருந்தது. தலை வலிக்கிறது என்றவரை ஆம்புலன்ஸில் அல்ல, தெருவில் நிறுத்திய டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மூளையில் ரத்தக்கட்டு. உயிர் பிழைத்தார், நடையும் பேச்சும் போயின. 2017-ல் நியூயார்க் மாநிலம் 2.2 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

அந்த இரவு அந்தக் கட்டடத்தில் குத்துச்சண்டை சட்டப்படி சரி. எம்எம்ஏ என்று சுருக்கிச் சொல்லும் இந்தக் கலப்புச் சண்டை, தொழில்முறையில் நடத்தினால், சட்டப்படி குற்றம். மெக்கெய்னும் குத்துச்சண்டை ரசிகர்தான். அதில் விழுந்தவன் பத்து எண்ணுவதற்குள் எழுந்தால் மறுபடி தலையில் அடி வாங்க அனுப்புவார்கள், அது வீரம். இதில் விழுந்தவன் தடுக்க முடியாமல் கிடந்தால் நடுவர் மேலே பாய்ந்து நிறுத்திவிடுவார், இது காட்டுமிராண்டித்தனம். எம்எம்ஏவில் தலையில் அடி படாது என்று நான் சொல்ல வரவில்லை. படும், நிறையவே படும், வயதான வீரர்கள் பேசும்போது நாக்கு குழறுவதைக் கேட்டிருக்கிறேன். நான் சொல்வது பழகிய ரத்தம் நம் கண்ணில் படுவதில்லை என்பதைத்தான்.

2016 சட்டத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மூளைக் காயத்துக்கு ஒவ்வொரு வீரருக்கும் பத்து லட்சம் டாலர் காப்பீடு கட்டாயம் என்று எழுதினார்கள். எம்எம்ஏவோடு குத்துச்சண்டைக்கும் சேர்த்து. அந்தச் செலவைத் தாங்க முடியாமல் நியூயார்க்கில் குத்துச்சண்டைப் போட்டிகள் சில மாதம் நின்றே போயின. காட்டுமிராண்டி வந்துதான் கனவான் வீட்டுக் கூரையைச் சரி பார்க்க வேண்டியிருந்தது.

அந்த நவம்பர் 12 சனிக்கிழமை, டென்வரில் முதல் போட்டி நடந்த அதே தேதி, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் யுஎஃப்சி 205. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினேன். ஆனால் அன்று ஊரிலிருந்து வந்த நண்பனை மன்ஹாட்டன் சுற்றிக் காட்டி, லெக்சிங்டன் அவென்யூ சரவண பவனில் டிபன் முடித்து, ரயில் பிடிக்கப் பென் ஸ்டேஷன் வந்தோம். அரங்கம் அந்த ஸ்டேஷனின் தலைமேல்தான் இருக்கிறது. ஏழாவது அவென்யூ முழுக்க அயர்லாந்துக் கொடி. கானர் மெக்ரெகருக்காக வந்த கூட்டம், பாட்டு, பச்சைத் தொப்பி. அதற்கு நடுவே தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அப்பா, கோட் சூட்டில் இரண்டு பாட்டன்மார். கூட்டத்தை ஒழுங்குபடுத்திய போலீஸ்காரர்களே யார் ஜெயிப்பார் என்று பந்தயம் பேசிக்கொண்டிருந்தார்கள். முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் 1971-ல் மோதிய இடத்தின் பெயர்ப்பலகையில் இப்போது இவர்கள் பெயர். என் நண்பன், "என்னடா, தேர்த் திருவிழா மாதிரி இருக்கு?" என்றான். அன்று இரவு அந்த அரங்கில் இருபதாயிரத்துக்கு மேல் ஆள், டிக்கெட் வசூல் 1.77 கோடி டாலர். மெக்ரெகர் எடி அல்வாரெஸை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, யுஎஃப்சியில் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் வைத்திருந்த முதல் ஆள் ஆனார். தடையை எதிர்த்து வருடக்கணக்காகப் பேசிய லாங் ஐலண்ட் பையன் கிறிஸ் வைட்மன், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால், யோயெல் ரொமேரோவின் பறக்கும் முழங்காலில் விழுந்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

2001-ல் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய நிறுவனம் 2016-ல் ஏறத்தாழ 400 கோடிக்குப் போனது. 2026 முதல் ஏழு வருட ஒளிபரப்புக்குப் பாரமவுண்ட் கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பது 770 கோடி. அங்கீகாரம் என்றால் இதுவும் சேர்த்துத்தான். ஆனால் கூண்டுக்குள் போகிறவன் பங்கு? வீரர்கள் போட்ட வழக்கில் வெளிவந்த கணக்குப்படி வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போலத்தான் அவர்கள் கைக்கு வந்தது. பேஸ்பாலிலும் கூடைப்பந்திலும் பாதிக்குப் பக்கம். அந்த வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. அப்பாவிடம் சொன்னேன். "சேவல் எங்கடா கூலி கேட்டுச்சு?" என்றார். பதில் சொல்ல முடியாத இடம் அது.

இன்னொன்று. அதே யுஎஃப்சியின் தலைமை நிர்வாகி டேனா வைட், எதிரெதிரே நின்று மாறி மாறி கன்னத்தில் அறையும் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். நெவாடா மாநில விளையாட்டு ஆணையம் அதற்கும் உரிமம் கொடுத்திருக்கிறது. வாங்குகிறவன் தடுக்கக்கூடாது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஆணையம், டாக்டர், நடுவர் எல்லாம் இருந்துவிட்டால் எதுவும் விளையாட்டு ஆகிவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த அன்று அந்த நம்பிக்கை போனது.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பிரேசிலியன் ஜியு-ஜித்சு, அதாவது கிரேசி செய்த அதே பிடிச்சண்டை, வகுப்புக்கு வாரம் மூன்று நாள் போகிறாள். சேர்த்த அன்று மனைவி அந்த ஒப்புதல் படிவத்தை வீட்டுப் பத்திரம் படிப்பதுபோல வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். முதல் வகுப்பில் எப்படி நெரிப்பது என்று சொல்லித்தருவார்கள் என்று நினைத்தேன். இல்லை. முதல் பாடம் தட்டுவது. மாட்டிக்கொண்டால் எதிராளியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டு. கை இரண்டும் மாட்டியிருந்தால் வாயால் சொல். எதிராளி தட்டிய நொடி விடாதவனுக்கு இங்கே இடமில்லை. வெட்கப்படாமல் சீக்கிரம் தட்டு, வலித்த பிறகு தட்டாதே என்று அந்தப் பயிற்சியாளர் பதினைந்து குழந்தைகளிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இதைத்தான் அப்பாவிடம் வாதமாக வைத்தேன். சேவலுக்கும் இவர்களுக்கும் இதுதான் வித்தியாசம், சேவலுக்குத் தட்டத் தெரியாது என்றேன். பெரிதாக ஏதோ சொல்லிவிட்ட பெருமை எனக்கு.

"சேவலும் ஓடுமுடா. ஓடுனா தோத்துச்சுன்னு அர்த்தம்."

"ஓடினா விட்ருவாங்களா?"

"எங்க விடறது? கோச்சைதான். குழம்புதான்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்ல சேவல் ஓடாது" என்றார். அதைச் சொன்னபோது குரலில் பழைய பெருமை கொஞ்சம் குறைந்திருந்தது போலப் பட்டது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

ஜூன் 8-ம் தேதி லூயிவில்லில் பூஜா தோமர் சண்டை. உத்தரப்பிரதேசம் முசாஃபர்நகர் மாவட்டத்துப் பெண். அதுவரை எந்த இந்தியப் பெண்ணும் யுஎஃப்சியில் ஜெயித்ததில்லை. மூன்று தலைமுறையும் சோபாவில். அப்பா இப்போது தேர்ந்த ஆள். "கால் நல்லா வருது புள்ளைக்கு. மூச்சை விட்றாம இருந்தாச் சரி" என்று சேவலைப் பார்க்கும் கண்ணோடு சொல்லிக்கொண்டிருந்தார். நடுவர்களில் இரண்டு பேர் பூஜாவுக்கும் ஒருவர் பிரேசில் பெண்ணுக்கும் போட்டார்கள். தீர்ப்பு வந்ததும் அப்பா கை தட்டினார். என் மகள், தோற்ற ரயான் டோஸ் சாண்டோஸ் இரண்டாம் சுற்றில் நன்றாகத்தான் ஆடினார் என்று தாத்தாவிடம் வாதாடினாள்.

அடுத்த புதன்கிழமை அவளைக் கூட்டிப்போக அப்பாவும் வந்தார். கண்ணாடிக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே மகளைவிட ஒரு பிடி உயரமான பையன் அவள் முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடித்தான். அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அவள் அவன் முன்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். அவன் விட்டான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, உள்ளங்கையும் முஷ்டியும் தட்டிக்கொண்டு, மறுபடி ஆரம்பித்தார்கள்.

அப்பா என் தோளைத் தொட்டார்.

"அதே ஜோடியேவா? மறுபடியுமா?"

"அஞ்சு நிமிஷத்துல நாலு தடவைகூட நடக்கும்பா."

அவர் உட்கார்ந்து, துண்டை மடித்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.